சக ஊழியரின் அலுவலக மெயிலை உங்கள் கணினியில் திறப்பது: பாஸ்வேர்டு கேட்காமல் செய்யும் முறை

கணக்குப் பிரிவில் இருப்பவர் பிரசவ விடுப்பில் போகிறார். சப்ளையர்கள் இன்வாய்ஸை எல்லாம் அவர் முகவரிக்குத்தான் அனுப்பிப் பழகியிருக்கிறார்கள். மாதம் பிறந்து 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அவருடைய வேலையை நீங்கள் பார்க்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அப்போது பெரும்பாலான அலுவலகங்களில் முதலில் நடப்பது, "உங்க மெயில் பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பதுதான்.

அதைச் செய்யாதீர்கள். ஒழுக்கம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வழி உண்மையிலேயே வேலை செய்யாது. டூ-ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை, இருக்கும் கணக்கில் நீங்கள் பாஸ்வேர்டைப் போட்ட உடனே அனுமதி கேட்கும் அறிவிப்பு அவர் போனுக்குப் போகும். ஆஸ்பத்திரியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் 'அப்ரூவ்' அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அப்படியே உள்ளே போனாலும், நீங்கள் அனுப்பியது, அழித்தது எல்லாம் பதிவேட்டில் அவர் பெயரில்தான் ஏறும். நாளை ஒரு தவறான தொகைக்கு ஒப்புதல் போயிருந்தால், அனுப்பியது நீங்கள் என்று அவராலும் நிரூபிக்க முடியாது, நீங்கள் இல்லை என்று உங்களாலும் காட்ட முடியாது. அவருக்குத் தெரியாமல் செய்தால் அது குற்றமாகவே ஆகிவிடும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவு 66சி, இன்னொருவரின் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இலங்கையில் இதற்கு 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தேவைக்கென்றே மைக்ரோசாஃப்ட் 365-லும் கூகுள் ஒர்க்ஸ்பேஸிலும் வசதி இருக்கிறது. உங்கள் சொந்தப் பாஸ்வேர்டில் நீங்கள் உள்ளே வருவீர்கள். அவர் பெட்டி உங்கள் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டியாகத் தெரியும். தமிழில் இதைப் பொறுப்பு ஒப்படைப்பு என்று சொல்லலாம். ஐடி ஆட்கள் 'டெலிகேஷன்' என்பார்கள். அவர்களிடம் கேட்கும்போது அந்தச் சொல்லையே சொல்லுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

உண்மையிலேயே பெட்டி முழுவதும் வேண்டுமா?

இதை முதலில் யோசியுங்கள். பலருக்கு முழுப் பெட்டி தேவைப்படுவதில்லை.

"அந்த மெயில் வந்ததா இல்லையா" என்று மட்டும் தெரிய வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் 365-ல் நிர்வாகி, அதாவது அலுவலக மெயிலைப் பராமரிக்கும் ஐடி ஆள், 'மெசேஜ் டிரேஸ்' போட்டுப் பார்க்கலாம். 90 நாள் வரை பின்னோக்கிப் போய், யார் அனுப்பினார்கள், எப்போது வந்தது, பெட்டியில் சேர்ந்ததா என்று காட்டும். உள்ளே எழுதியிருப்பது தெரியாது, யாருடைய அந்தரங்கமும் கெடாது.

இனிமேல் வருகிற மெயில் மட்டும் போதுமானால், அவர் பெட்டியிலிருந்து உங்களுக்கு ஃபார்வர்டு போட்டால் முடிந்தது. விடுப்பில் இருக்கிறார் என்று வெளியாட்களுக்குத் தெரிந்தால் போதும் என்றால், தானியங்கிப் பதிலில் உங்கள் முகவரியை எழுதிவிடலாம். அவர் அதைப் போடாமலே கிளம்பிவிட்டார் என்றாலும் கவலையில்லை, நிர்வாகி தன் பக்கத்திலிருந்தே போட முடியும்.

பழைய கடிதங்களைப் பார்த்து, தொடர்ந்து பதில் எழுதி, ஒரு மாதமோ ஆறு மாதமோ அந்த வேலையை நடத்த வேண்டும் என்றால்தான் பெட்டிக்கு அனுமதி கேளுங்கள்.

மூன்று அனுமதிகள், மூன்றும் வேறு வேறு

மைக்ரோசாஃப்ட் 365-ல் அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது 'ஃபுல் ஆக்சஸ்'. நிர்வாகி பயன்படுத்தும் தளமான அட்மின் சென்டரில் இதன் பெயர் 'ரீட் அண்ட் மேனேஜ்'. பெட்டியைத் திறக்கலாம், படிக்கலாம், நகர்த்தலாம், அழிக்கலாம், காலண்டரைப் பார்க்கலாம். ஆனால் அந்த முகவரியிலிருந்து ஒரு வரிகூட அனுப்ப முடியாது. பெயரில் 'முழு' என்று இருப்பதால் அனுப்புவதும் சேர்ந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். சேரவில்லை.

இரண்டாவது 'செண்ட் ஆஸ்'. அவர் முகவரியிலிருந்தே மெயில் போகும். பெறுபவருக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரியும், நீங்கள் இருப்பதே தெரியாது.

மூன்றாவது 'செண்ட் ஆன் பிஹாஃப்'. அனுப்புநர் வரியில் உங்கள் பெயரும் இருக்கும், யார் சார்பில் என்று அவர் பெயரும் இருக்கும்.

விடுப்பில் போகும் ஒருவருடைய சொந்தப் பெயர் உள்ள முகவரிக்கு, ஃபுல் ஆக்சஸும் செண்ட் ஆன் பிஹாஃபும்தான் சரியான ஜோடி. வாடிக்கையாளர் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசுவார். 'கணக்கு', 'விற்பனை', 'ஆதரவு' போன்ற பொது முகவரி என்றால் செண்ட் ஆஸ் கொடுக்கலாம். அங்கே தனி மனிதரின் பெயர் இல்லை. செண்ட் ஆஸ், செண்ட் ஆன் பிஹாஃப் இரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் செண்ட் ஆஸ்தான் முந்திக்கொள்ளும், சார்பில் என்ற வரி வராது.

கேட்பது எப்படி

வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். மெயிலில் கேளுங்கள், அவரையும் மேலாளரையும் நகலில் வையுங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"கணக்குப் பிரிவு மூத்த உதவியாளரின் மெயில்பாக்ஸுக்கு எனக்கு ஃபுல் ஆக்சஸும் செண்ட் ஆன் பிஹாஃபும் வேண்டும். செண்ட் ஆஸ் வேண்டாம். காரணம்: அவர் விடுப்பில் இருக்கும்போது சப்ளையர் இன்வாய்ஸ்களைக் கவனிக்க. தொடக்கம்: ஜூன் 3. முடிவு: நவம்பர் 30. அன்று மாலை அனுமதியை நீக்கிவிடவும். அவருடைய சம்மதமும் மேலாளரின் ஒப்புதலும் இதே மெயில் தொடரில் உள்ளன."

முடிவுத் தேதிதான் இதில் உயிர். தேதி இல்லாத அனுமதியை யாரும் திரும்ப எடுப்பதில்லை. மூன்று வருடம் கழித்தும் அது அப்படியே கிடக்கும்.

நிர்வாகி செய்ய வேண்டியது

மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் 'யூசர்ஸ்', அதற்குள் 'ஆக்டிவ் யூசர்ஸ்'. விடுப்பில் போகிறவரின் பெயரைச் சொடுக்கினால் வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். அதில் 'மெயில்' தாவலுக்குப் போனால் 'மெயில்பாக்ஸ் பெர்மிஷன்ஸ்' என்ற தலைப்பில் மேலே சொன்ன மூன்றும் வரிசையாக இருக்கும். வேண்டியதைத் திறந்து, 'ஆட் பெர்மிஷன்ஸ்' அழுத்தி, உங்கள் பெயரைத் தேர்ந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். மெயிலுக்கு மட்டுமான எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் என்றால் 'ரெசிபியண்ட்ஸ்', 'மெயில்பாக்சஸ்', பெயர், 'டெலிகேஷன்' தாவல். அங்கேயும் அதே மூன்று.

சேர்த்த கையோடு வேலை செய்யாது. 60 நிமிடம் வரை ஆகலாம். ஐந்து நிமிடத்தில் வரவில்லையே என்று நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் திரையில் திறப்பது

பழைய அவுட்லுக், அதாவது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் 'கிளாசிக்' அவுட்லுக்கில், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஃபுல் ஆக்சஸ் கொடுத்த பிறகு அவுட்லுக்கை மூடித் திறந்தால், இடப்பக்கப் பட்டியலில் உங்கள் பெட்டிக்குக் கீழே அவர் பெயரில் ஒரு பெட்டி தானாக வந்து நிற்கும். இதற்கு 'ஆட்டோமேப்பிங்' என்று பெயர். ஆளுக்கு நேராகக் கொடுத்த அனுமதிக்குத்தான் இது நடக்கும். ஒரு செக்யூரிட்டி குரூப்புக்கு, அதாவது பலரைச் சேர்த்த ஒரு குழுவுக்கு, அனுமதி கொடுத்து, அந்தக் குரூப்பில் உங்களைச் சேர்த்திருந்தால் அனுமதி இருக்கும், பெட்டி தானாக வராது.

அப்படி வராதபோது கையால் சேர்க்கலாம். 'ஃபைல்' மெனுவில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் மறுபடி 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்'. உங்கள் கணக்கைத் தேர்ந்து 'சேஞ்ச்', பிறகு 'மோர் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' தாவல், 'ஆட்'. அவர் பெயரைத் தட்டி ஓகே கொடுத்தால் சேர்ந்துவிடும். இங்கே தவறியும் 'ஆட் அக்கவுண்ட்' பக்கம் போய் அவர் முகவரியைப் போடாதீர்கள். அது அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும், நீங்கள் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

பிரவுசரில் திறக்கும் அவுட்லுக்கில் இரண்டு வழி. இடப்பக்கம் 'ஃபோல்டர்ஸ்' என்ற சொல்லின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் ஷேர்டு ஃபோல்டர் ஆர் மெயில்பாக்ஸ்' கொடுத்தால், அவர் பெட்டி உங்கள் பெட்டிகளோடு சேர்ந்தே நிற்கும். தினமும் பார்ப்பவருக்கு இது நல்லது. புதிய அவுட்லுக்கிலும் இதே வழிதான். இன்னொன்று, வலப்பக்க மூலையில் உங்கள் படத்தைச் சொடுக்கி 'ஓபன் அனதர் மெயில்பாக்ஸ்'; அவர் பெட்டி தனி டேபில் முழுதாகத் திறக்கும். அவருடைய தானியங்கிப் பதிலை மாற்ற, அவருடைய ரூல்களைப் பார்க்க இந்த இரண்டாவது வழியில்தான் போக வேண்டும். முதல் வழியில் சேர்த்தால் 'செட்டிங்ஸ்' எப்போதும் உங்களுடையதாகவே இருக்கும்.

இது உங்கள் வீட்டு லேப்டாப் என்றால் பிரவுசர் வழி மட்டும் போதும். கிளாசிக் அவுட்லுக்கில் சேர்த்தால் அவர் மெயில்களின் நகல் உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஓஎஸ்டி கோப்பாக இறங்கும். அலுவலகத்தின் கடிதங்கள் உங்கள் வீட்டுக் கணினியில், பிள்ளைகள் பாடம் படிக்கும் அதே கணினியில், கிடக்க வேண்டாம். பெரிய பெட்டியாக இருந்தால் அந்தக் கோப்பு 50 ஜிபி வரம்பை முட்டி அவுட்லுக்கே திணறவும் செய்யும்.

பதில் அனுப்பும்போது

புதிய மெயிலைத் திறந்ததும் 'ஃப்ரம்' வரி தெரியாவிட்டால் 'ஆப்ஷன்ஸ்' தாவலில் 'ஃப்ரம்' அழுத்துங்கள். வந்த பிறகு 'அதர் இமெயில் அட்ரஸ்' கொடுத்து அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கையால் தட்டாமல், அங்கே இருக்கும் முகவரிப் புத்தகத்தில் 'குளோபல் அட்ரஸ் லிஸ்ட்' திறந்து தேர்ந்தெடுப்பது பத்திரம். ஏன் என்று கீழே வருகிறது.

முதல் மெயிலை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். அனுப்புநர் பெயர் எப்படித் தெரிகிறது, கையொப்பத்தில் யார் பெயர் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். முகவரி அவருடையதாகவும் கையொப்பம் உங்களுடையதாகவும் போய் வாடிக்கையாளர் குழம்புவது சாதாரணமாக நடக்கிறது. அவர் பெட்டிக்கென்று தனிக் கையொப்பம் ஒன்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெயர், உங்கள் பதவி, கீழே "மூத்த உதவியாளர் விடுப்பில் இருக்கும் காலத்தில்" என்று ஒரு வரி.

பிறகு 'செண்ட் ஐட்டம்ஸ்'. நீங்கள் அவர் சார்பில் அனுப்பியது அவர் பெட்டியில் தங்காது; உங்கள் 'செண்ட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரில்தான் விழும். அவர் திரும்பி வந்து பார்த்தால், வாடிக்கையாளர் எழுதிய கேள்வி மட்டும் இருக்கும், என்ன பதில் போனது என்று ஒன்றுமே இருக்காது. அதே கேள்விக்கு அவர் மறுபடி பதில் எழுதுவார். இதைத் தடுக்க, சேர்க்கும்போதே நிர்வாகியிடம் சொல்லி, அந்தப் பெட்டியில் அனுப்பிய மெயில்களின் நகலை அங்கேயே வைக்கும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். செண்ட் ஆஸுக்கு ஒன்று, செண்ட் ஆன் பிஹாஃபுக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்சுகள் அதில் உண்டு. உங்களுக்குக் கொடுத்த அனுமதி எதுவோ அதற்கானதைப் போட வேண்டும்.

படித்தது, படிக்காதது

அவர் பெட்டியில் நீங்கள் ஒரு மெயிலைத் திறந்தால் அவருக்கும் அது படித்ததாகிவிடும். தடித்த எழுத்து மெலிந்துவிடும். அவர் இடையில் போனில் எட்டிப் பார்க்கிறவர் என்றால், புதிதாக ஒன்றும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். முக்கியமான ஒரு மெயில் இப்படித்தான் இருவர் கையிலிருந்தும் நழுவும்: நீங்கள் அவர் பார்ப்பார் என்று விட்டீர்கள், அவர் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று விட்டார்.

அதனால் அவுட்லுக்கில் 'ரீடிங் பேன்' அமைப்பில், மெயிலைத் தேர்ந்ததும் தானாகப் படித்ததாகக் குறிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கேட்டகரி நிறங்களை வைத்து ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் முடித்தது பச்சை, அவர் வந்து பார்க்க வேண்டியது ஆரஞ்சு என்பது போல. இரண்டு நிறம் போதும். ஐந்து நிறம் வைத்தால் இரண்டாம் வாரமே யாரும் பின்பற்ற மாட்டார்கள்.

அழிப்பதில் இன்னொரு விஷயம். கிளாசிக் அவுட்லுக்கில் அவர் பெட்டியில் நீங்கள் அழித்த மெயில், வழக்கமாக அவருடைய குப்பைக்குப் போகாமல் உங்கள் 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். "என் மெயிலைக் காணோம்" என்று அவர் தன் பெட்டி முழுக்கத் தேடுவார், அது உங்களிடம் இருக்கும். எங்கே தேடுவது என்பதை இருவரும் தெரிந்து வைத்திருங்கள். அதைவிட, அவர் பெட்டியில் எதையும் அழிக்காமலே இருங்கள். முடித்ததை வைக்க 'முடிந்தது' என்று ஒரு ஃபோல்டர் போதும்.

ஒரு ஃபோல்டர் மட்டும் போதும் என்றால்

நிர்வாகியே இல்லாமல், பெட்டிக்குச் சொந்தக்காரர் தானே கொடுக்கும் வழியும் உண்டு. சம்பளம், மருத்துவம், வீட்டு விஷயம் கலந்த பெட்டியாக இருந்தால் இதுதான் மரியாதையான வழி. கிளாசிக் அவுட்லுக்கில் அவர் 'ஃபைல்', 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்', 'டெலிகேட் ஆக்சஸ்' போய் உங்களைச் சேர்க்கலாம். இன்பாக்ஸ், காலண்டர் போன்ற ஒவ்வொன்றுக்கும் தனி நிலை கொடுக்கலாம். 'ரிவ்யூவர்' என்றால் படிக்க மட்டும், 'ஆத்தர்' என்றால் படிக்கவும் புதிதாக உருவாக்கவும், 'எடிட்டர்' என்றால் திருத்தவும் அழிக்கவும் சேர்த்து. 'பிரைவேட்' என்று அவர் குறித்தவற்றை உங்களுக்குக் காட்டுவதா என்பதற்குத் தனி டிக் இருக்கிறது, அதைப் போடாமலே விட்டுவிடலாம்.

'இன்வாய்ஸ்' என்ற ஒரு துணை ஃபோல்டரை மட்டும் கொடுப்பதென்றால், அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'பெர்மிஷன்ஸ்'. இத்தோடு நின்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஃபோல்டர் வரைக்கும் போகிற ஒவ்வொரு படியிலும், பெட்டியின் உச்சியில் இருக்கும் அவர் பெயரிலும்கூட, உங்களுக்கு 'ஃபோல்டர் விசிபிள்' டிக் இருக்க வேண்டும். பூஜை அறைக்குச் சாவி கொடுத்துவிட்டு வாசற்கதவைப் பூட்டி வைத்தது போலத்தான் அது இல்லாவிட்டால். மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி ஏற்கெனவே இருக்கும் துணை ஃபோல்டர்களுக்குத் தானாக இறங்காது. அதன் பிறகு புதிதாக உருவாக்குபவைதான் பெற்றுக்கொள்ளும்.

ஜிமெயிலில்

அலுவலகம் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இருந்தால், கதை சுருக்கம். நிர்வாகி ஒரு முறை அட்மின் கன்சோலில் ஜிமெயிலின் 'யூசர் செட்டிங்ஸ்' போய் 'மெயில் டெலிகேஷன்' வசதியைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகு சக ஊழியரே கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பல்சக்கரக் குறி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' தாவல், 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்ற இடத்தில் 'ஆட் அனதர் அக்கவுண்ட்' கொடுத்து உங்கள் முகவரியைச் சேர்ப்பார். நீங்கள் திறந்த மெயில் படித்ததாக மாற வேண்டுமா, படிக்காததாகவே இருக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்கும். அவுட்லுக்கில் நாம் நிறம் வைத்துச் சமாளித்ததை ஜிமெயில் ஒரு கேள்வியில் முடித்துவிடுகிறது. படிக்காததாக விடுவதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு மெயில் வரும். அதில் இருக்கும் இணைப்பை 7 நாளுக்குள் அழுத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும், தவறினால் அவர் மறுபடி அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகும் 24 மணி நேரம் வரை ஆகலாம். அவர் விடுப்பில் போகும் நாளன்று மாலை இதைத் தொடங்கினால் சிக்கல். இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். பிறகு உங்கள் படத்தைச் சொடுக்கினால் கணக்குகளின் பட்டியலில் அவருடையதும் தெரியும், சொடுக்கினால் தனி டேபில் திறக்கும். படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். அவர் பாஸ்வேர்டை மாற்ற முடியாது, அவர் பெயரில் சாட் செய்ய முடியாது. அதே நிறுவனத்துக்குள் இருப்பவருக்குத்தான் இப்படிக் கொடுக்க முடியும்.

சொந்த டொமைனும் சிபேனலும் வைத்திருக்கும் சின்ன அலுவலகம்

பத்துப் பதினைந்து பேர் இருக்கும் இடங்களில் மெயில் பெரும்பாலும் வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்த சிபேனல் என்ற நிர்வாகப் பலகையில் ஓடும். அங்கே ஒப்படைப்பு என்ற ஏற்பாடு பொதுவாக இல்லை; பெட்டிக்குள் போக பாஸ்வேர்டுதான் வழி. ஆகவே பெட்டியைத் திறக்க முயல வேண்டாம், வருகிற மெயிலைத் திருப்புங்கள். சிபேனலில் 'ஃபார்வர்டர்ஸ்' திறந்து, அவர் முகவரிக்கு வருவதை உங்கள் முகவரிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அசல் அவர் பெட்டியிலேயே இருக்கும், நகல் உங்களுக்கு வரும். அதே டொமைனுக்குள் இருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பினால், அனுப்பியவரின் டொமைன் சோதனையில் அது தேறாமல் பல மெயில்கள் ஸ்பேமில் விழும்.

இங்கே பெரிய ஆபத்து பாப், அதாவது மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. யாரோ ஒருவர் அவர் கணக்கைத் தன் அவுட்லுக்கில் பாப் முறையில், 995 போர்ட்டில் சேர்க்கிறார். 'லீவ் எ காப்பி ஆன் தி சர்வர்' என்ற டிக் இல்லை, அல்லது 14 நாள் கழித்து அழி என்று இருக்கிறது. மெயில்கள் சேர்த்தவரின் கணினிக்கு இறங்குகின்றன, சர்வரிலிருந்து மறைகின்றன. விடுப்பிலிருந்து திரும்பியவர் பெட்டியைத் திறந்தால் காலி. அந்த மெயில்கள் உலகத்தில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன, அதுவும் இன்னொருவர் மேசையில். எந்தக் காரணத்துக்காகச் சேர்த்தாலும், மெயிலை சர்வரிலேயே வைத்துக் காட்டும் ஐமேப், போர்ட் 993. பாப் பக்கமே போக வேண்டாம்.

வேலையை விட்டுப் போனவரின் பெட்டி

இங்கே வரிசை முக்கியம், மாறினால் மெயில் போய்விடும். மைக்ரோசாஃப்ட் 365-ல் முதலில் அவர் கணக்கில் உள்ளே நுழைவதைத் தடுத்து, ஏற்கெனவே திறந்திருக்கும் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்ற வேண்டும். அடுத்து எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டரில் பெட்டியை 'ஷேர்டு மெயில்பாக்ஸ்', அதாவது பலர் பார்க்கும் பொதுப் பெட்டி, ஆக மாற்ற வேண்டும். அது மாறிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு உங்களுக்கு அனுமதி. கடைசியில்தான் லைசன்ஸை எடுப்பது. ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு 50 ஜிபி வரை லைசன்ஸ் தேவையில்லை, மாதச் செலவு மிச்சம். ஆனால் கணக்கையே அழித்துவிடக் கூடாது. ஷேர்டு பெட்டி அந்தக் கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

மாற்றாமலே லைசன்ஸை எடுத்துவிட்டால், அல்லது கணக்கை அழித்துவிட்டால், 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் திரும்பக் கொண்டுவரலாம். கூகுளில் அழித்த பயனரை மீட்க 20 நாள்தான். ஹெச்ஆர் ஆட்கள் கணக்கை அழிக்கச் சொல்வதும், வரவு செலவு பார்க்கிறவர் ஒரு மாதம் கழித்து "அந்தப் பழைய கொட்டேஷன் எங்கே" என்று கேட்பதும் வழக்கமாக அந்த அவகாசம் தீர்ந்த பிறகுதான் சந்தித்துக்கொள்கின்றன.

வேலை செய்யவில்லை என்றால்

பெட்டி இடப்பக்கம் தெரிகிறது, முக்கோணத்தைச் சொடுக்கினால் ஃபோல்டரை விரிக்க முடியவில்லை என்கிறது: அனுமதி இன்னும் பரவவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவுட்லுக்கை முழுதாக மூடித் திறங்கள். அதற்குள்ளாகத் தெரிந்தாக வேண்டுமா, பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் அனுமதி சரி, குறை உங்கள் அவுட்லுக்கில்.

சேர்க்கப் போனால் பெயரே கிடைக்கவில்லை: நிர்வாகி அந்த முகவரியை முகவரிப் பட்டியலிலிருந்து மறைத்து வைத்திருப்பார். விட்டுப்போனவர்களின் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். மறைப்பை எடுத்தால் கிடைக்கும்.

செண்ட் ஆஸ் கொடுத்தாகிவிட்டது, ஒரு மணி நேரமும் கழிந்துவிட்டது, ஆனாலும் அனுப்பிய மெயில் அனுமதி இல்லை என்று திரும்பி வருகிறது: 'ஃப்ரம்' கட்டத்தில் அவுட்லுக் நினைவில் வைத்திருக்கும் பழைய முகவரிதான் பெரும்பாலும் காரணம். அந்தப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, குளோபல் அட்ரஸ் லிஸ்டிலிருந்து புதிதாகத் தேர்ந்தெடுங்கள். முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான்.

ஃபார்வர்டு போட்டும் வெளி முகவரிக்குப் போகவில்லை, 5.7.520 என்ற எண்ணோடு திரும்புகிறது: மைக்ரோசாஃப்ட் 365 வெளியே தானாகத் திருப்புவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. திருட்டுக் கும்பல் ஒரு கணக்கைப் பிடித்தால் முதலில் செய்வது சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்டு போடுவதுதான், அதனால் இந்தத் தடை. அதைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அலுவலக முகவரிக்கே திருப்பச் சொல்லுங்கள்.

சில மெயில்கள் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தால், அவை எஸ்-மைம் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டவையாக இருக்கலாம். அதற்கான சாவி அவர் கணினியில் மட்டும் இருக்கும். எந்த அனுமதியாலும் திறக்காது. அனுப்பியவரிடமே மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவர் திரும்பி வரும் நாளில்

ஆரஞ்சு நிறம் போட்டவற்றைத் தேதி வரிசையில் வைத்து, ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள். உங்கள் 'செண்ட் ஐட்டம்ஸ்', 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' இரண்டிலும் அவருக்குச் சேர வேண்டியது ஏதாவது தங்கியிருக்கிறதா என்று தேடி, அவர் பெட்டிக்கு இழுத்துப் போடுங்கள். தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். ஃபார்வர்டு இருந்தால் எடுங்கள். இதை மறந்தால் அவர் மெயில் எல்லாம் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், அவருக்கு அது தெரியவே தெரியாது.

பிறகு நிர்வாகிக்கு ஒரு மெயில்: மூன்று அனுமதிகளில் எவை கொடுக்கப்பட்டனவோ அவை எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி. ஃபுல் ஆக்சஸை மட்டும் எடுத்துவிட்டு செண்ட் ஆன் பிஹாஃபை விட்டுவிடுவது சகஜம். தானாக வந்து நின்ற பெட்டியை நீங்களே ரைட் கிளிக் செய்து மூடப் பார்த்தால் அவுட்லுக் விடாது. அனுமதி போன பிறகு தானாகவே மறையும். கையால் சேர்த்த பெட்டி என்றால் சேர்த்த அதே 'அட்வான்ஸ்டு' தாவலுக்குப் போய் 'ரிமூவ்' கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் யாராவது நீங்கள் அனுப்பிய ஒன்றைப் பற்றி இரண்டு மாதம் கழித்துக் கேட்டாலும் பயமில்லை. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மெயில்பாக்ஸ் தணிக்கைப் பதிவு இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, 180 நாள் இருக்கும். அவர் பெட்டியில் உங்கள் கை பட்ட இடங்கள் அதில் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கும்.